ஓட்டை உடைசலில் பிறந்த எந்திரப் பட்டறை

பழைய இரும்புக் கடையின் மூலையில் ஒரு பிஸ்டன் கிடக்கிறது. எப்போதோ ஓடிய மோட்டார் காரின் பிஸ்டன். கரி படிந்து கறுத்துப் போயிருக்கிறது. கடைக்காரருக்கு அது எடைக்கு எடை காசு. மற்றவர்களுக்கு அது குப்பை.

அமெரிக்கர் ஒருவரின் கண்ணுக்கு மட்டும் அது வேறு விதமாகத் தெரிந்தது. இதுபோல நாலைந்து சாமான்களைச் சேர்த்து உருக்கினால் ஒரு லேத் எந்திரம் செய்து விடலாம் என்று அவர் எண்ணினார்.

எண்ணியதோடு நிற்கவில்லை. செய்தும் காட்டினார்!

அவர் பெயர் டேவிட் ஜிஞ்சரி. மிசூரி மாகாணத்தில் உள்ள ஸ்பிரிங்பீல்டு நகரத்துக்காரர். 1932-ல் பிறந்தவர். 2004-ல் காலமானார். 1980-ம் ஆண்டு வாக்கில் அவர் சிறு சிறு புத்தகங்களாக எழுதத் தொடங்கினார். மொத்தம் ஏழு புத்தகங்கள். "வீட்டிலேயே எந்திரப் பட்டறை வேண்டுமா? கையில் பணம் இல்லையா? கவலை வேண்டாம். பட்டறையையே நீங்கள் செய்து கொள்ளலாம்" என்பதுதான் அந்த ஏழு புத்தகங்களின் சாரம்.

எந்திரங்களின் தாய்

லேத் என்றால் என்ன? தமிழில் கடைசல் எந்திரம் என்று சொல்வார்கள். மரத்தில் பம்பரம் கடைகிறார்கள் அல்லவா? கட்டிலின் கால்களைக் கடைகிறார்கள் அல்லவா? அதே வேலையை இரும்பில் செய்வது லேத். இரும்புத் தண்டைச் 'சக்' என்ற பிடியில் இறுக்கிச் சுழல விடுவார்கள். உளியை அதன் மீது மெதுவாகக் கொண்டுபோய் வைப்பார்கள். இரும்பு சுருள் சுருளாக உரிந்து விழும். தண்டு உருண்டையாக, வழுவழுப்பாக வரும்.

தண்டை உருட்டலாம். துளையைக் குடையலாம். திருகு மரை வெட்டலாம். எந்திரங்களுக்கு வேண்டிய பாகங்களில் பெரும்பகுதி இந்த எந்திரத்திலிருந்துதான் வருகிறது. அதனால்தான் லேத்தை எந்திரங்களின் தாய் என்கிறார்கள்.

தொழிற்சாலையில் இருக்க வேண்டிய இந்தத் தாயை வீட்டுக்குக் கொண்டு வரும் ஆசை புதிது அல்ல. இங்கிலாந்தில் 1898-ம் ஆண்டிலேயே பெர்சிவல் மார்ஷல் என்பவர் 'மாடல் என்ஜினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கி விட்டார். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் வீட்டுக் கொட்டகையில் சின்னஞ்சிறு நீராவி என்ஜின் செய்து மகிழ்கிறவர்களுக்கான பத்திரிகை அது. மின்சாரம் இல்லாத வீடுகளில் தையல் எந்திரம் போலக் காலால் மிதித்தே லேத்தை ஓட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, நாட்டிங்காம் பக்கத்தில் பீஸ்டன் என்ற ஊரில் இருந்த மைபோர்டு கம்பெனியின் சிறிய லேத்துகள் அந்த நாட்டின் கொட்டகைகளில் எல்லாம் இடம் பிடித்தன.

ஆனால் வாங்கப் பணம் வேண்டுமே! குடும்பச் செலவு போக மிஞ்சுகிற பணத்தில் லேத் வாங்குவது சுலபமா? ஜிஞ்சரி எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்.

வாளிதான் உலைக்களம்

அவருடைய முதல் புத்தகம் லேத்தைப் பற்றியது அல்ல. கரி உலையைப் பற்றியது. அங்கேதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

எந்திரத்தின் பாகங்களைக் கடையில் வாங்கினால் விலை அதிகம். வார்த்து எடுத்தால் செலவு குறைவு. வார்ப்பதற்கு இரும்பு வேண்டாம், அலுமினியம் போதும் என்று அவர் முடிவு செய்தார். இரும்பு உருக 1,500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடு வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகி விடும். அடுப்புக் கரியும், கொஞ்சம் காற்றும் இருந்தால் அந்தச் சூடு கிடைத்து விடும்.

ஒரு இரும்பு வாளி. அதன் உட்புறம் தீக்களிமண்ணும் மணலும் கலந்த கனமான பூச்சு. அடியில் காற்று போக ஒரு குழாய். பழைய காலத்துக் கொல்லர் துருத்தி ஊதினார். இந்த உலைக்குத் தலைமயிரை உலர்த்துகிற சிறிய மின்சார ஊதுகருவி போதும்! நடுவில் இரும்பால் ஆன மூசை. தட்டார் பட்டறையில் தங்கம் உருக்குகிற மூசையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு இது அண்ணன்.

எந்த அலுமினியமும் ஆகுமா? ஆகாது. குளிர்பானம் வருகிற மெல்லிய டப்பாக்களைப் போட்டால் பாதிக்கு மேல் கசடாகப் போய்விடும். முன்பே வார்ப்படமாக இருந்த சாமான்தான் மேல். அதனால்தான் பழைய பிஸ்டனுக்கு இவ்வளவு மதிப்பு!

வார்க்க வேண்டிய பாகத்தை முதலில் மரத்தில் செய்ய வேண்டும். இதை 'மாதிரி' என்பார்கள். மாதிரியைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஏன் தெரியுமா? உருகிய அலுமினியம் ஆறும்போது சுருங்கும். ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறைந்து போகும். மாதிரியின் பக்கங்கள் லேசாகச் சரிந்தும் இருக்க வேண்டும். செங்குத்தாக இருந்தால், மணலிலிருந்து தூக்கும்போது அச்சு இடிந்துவிடும்.

அடுத்தது மணல். சன்னமான மணலோடு களிமண் தூள் கலந்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசற வேண்டும். பதம் எப்படித் தெரியும்? புட்டுக்கு மாவு பிசறுகிற பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் உடைய வேண்டும். அதே பதம்தான் இங்கேயும். (மணல் சலிக்க அடுக்களைச் சல்லடையை எடுத்துப் போனால் அது திரும்பி வராது. தனியாக ஒன்று வாங்கிக் கொள்வது வீட்டுக்கு நல்லது!)

மணலில் மாதிரியைப் பதித்து, எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய அலுமினியத்தை ஊற்றினால் பாகம் தயார். சரியாக வரவில்லையா? அதையே மறுபடியும் மூசையில் போட்டு உருக்கலாம். கரியும் ஒரு நாள் உழைப்பும்தான் நஷ்டம்.

ஒரு சொட்டுத் தண்ணீர்!

இங்கே ஒரு பெரிய அபாயம் இருக்கிறது. இதைத் தெரிந்து கொள்ளாமல் யாரும் உலைப் பக்கம் போகக் கூடாது.

தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. உருகிய உலோகத்துக்குள் ஈரம் மாட்டிக் கொண்டால், அந்த ஆவி வெளியே வர வழி தேடும். வழி கிடைக்காது. வெடிக்கும்! கொதிக்கும் அலுமினியம் நாலா பக்கமும் சிதறும். முகத்தில் பட்டால் கண் போய்விடும்.

ஆகவே உருக்கப் போடுகிற துண்டுகளை முதலில் நன்றாகச் சூடு காட்டி, ஈரம் போக்க வேண்டும். கிளறுகிற கரண்டியையும் சூடாக்கிய பிறகே உள்ளே விட வேண்டும். புதிதாகப் பூசிய உலையை ஒரே நாளில் கொளுத்தக் கூடாது. பல நாள் நிழலில் உலர விட்டு, பிறகு சிறு தீயில் காய்ச்ச வேண்டும்.

இன்னொன்று. சிமெண்டுத் தரை பார்ப்பதற்கு உலர்ந்ததாகத் தெரியும். ஆனால் அதற்குள்ளும் ஈரம் உண்டு. உருகிய உலோகம் அதன் மேல் சிந்தினால் சிமெண்டு படீரென்று தெறிக்கும். அதனால் காய்ந்த மணலைப் பரப்பி, அதன் மேல்தான் வார்ப்பு வேலை செய்வார்கள். முகத்துக்கு மறைப்பு, தோல் கையுறை, காலை முழுவதும் மூடுகிற செருப்பு இவை இல்லாமல் ஊற்றக் கூடாது. வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கமே வரக்கூடாது.

மூன்று தட்டுகளின் ரகசியம்

சரி, வார்த்தாயிற்று. ஆனால் வார்த்து எடுத்த சாமான் கரடுமுரடாக அல்லவா இருக்கும்? லேத்தின் படுக்கை நூல் பிடித்தது போல நேராக இருக்க வேண்டுமே! படுக்கை கோணினால் அதில் கடைகிற சாமானும் கோணும்.

ஜிஞ்சரி அலுமினியப் படுக்கையின் மேல் உருக்குப் பட்டைகளைத் திருகி வைத்தார். பிறகு கையாலேயே சுரண்டி நேராக்கினார். ஆமாம், சுரண்டித்தான்! சமதளமான ஒரு தட்டில் நீல மையை மெல்லியதாகத் தடவி அதன் மேல் சாமானை வைத்துத் தேய்த்தால், எங்கெல்லாம் மேடு இருக்கிறதோ அங்கெல்லாம் மை ஒட்டிக் கொள்ளும். அந்த மேட்டை மட்டும் கூரிய உளியால் சுரண்ட வேண்டும். மறுபடி மை. மறுபடி சுரண்டல். பொறுமை உள்ளவர்களுக்கே இது முடியும்.

அந்தச் சமதளத் தட்டு மட்டும் எங்கிருந்து வந்தது? உலகத்தின் முதல் சமதளத்தை எதை வைத்துச் சரி பார்த்தார்கள்?

இதற்கு விடையை உலகம் அறியச் செய்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர். திருகு வெட்டும் லேத்துக்குப் பெயர் பெற்ற ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்தவர். 1840-ம் ஆண்டு, அறிஞர்கள் கூடிய சபையில் இதை அவர் விளக்கினார். இரண்டு தட்டுகளை ஒன்றோடு ஒன்று வைத்துச் சுரண்டினால் போதாது. ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருந்தால்கூட இரண்டும் நன்றாகப் பொருந்திவிடும். ஒரு கரண்டிமேல் இன்னொரு கரண்டி உட்காருவது போல! ஆனால் மூன்றாவதாக ஒரு தட்டைக் கொண்டு வாருங்கள். முதலாவது இரண்டாவதோடும், இரண்டாவது மூன்றாவதோடும், மூன்றாவது முதலாவதோடும் பொருந்த வேண்டும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அப்போது குழிவும் குவிவும் ஒளிந்து கொள்ள இடமே இல்லை. மூன்றும் சமதளமானால்தான் மூன்றும் பொருந்தும்.

கையில் அளவுகோல் எதுவும் இல்லாமலே, மூன்று கரடுமுரடான தட்டுகளிலிருந்து துல்லியத்தைப் பிறக்க வைக்கிற வழி இது.

ஜிஞ்சரி செய்த இன்னொரு வேலையும் வியப்பானது. லேத்தின் தலைப் பகுதியில் சுழல்தண்டு போக ஒரு துளை வேண்டும். அது படுக்கைக்கு நேராக இருக்க வேண்டும். அதை எங்கே கொண்டுபோய்த் துளைப்பது? வெளிப் பட்டறைக்குப் போனால் கூலி. அவர் போகவில்லை. அரைகுறையாக நின்ற லேத்தின் மேலேயே தலைப் பகுதியை வைத்தார். உளி செருகிய ஒரு தண்டைச் சுழல விட்டு, அந்த லேத்தைக் கொண்டே அதன் துளையைக் குடைந்தார். முழுதாகப் பிறக்கும் முன்பே பிள்ளை வேலைக்குப் போய்விட்டது!

இப்படி உருவான லேத்தில் 7 அங்குலக் குறுக்களவும் 12 அங்குல நீளமும் உள்ள சாமானைக் கடையலாம். அந்த லேத்தின் உதவியால் ஷேப்பர் எந்திரம். பிறகு மில்லிங் எந்திரம். பிறகு துளை போடும் எந்திரம். அப்புறம் வட்டத்தைச் சம பாகங்களாகப் பிரிக்கும் கருவி. கடைசியில் தகடு மடிக்கும் எந்திரம். ஏழு புத்தகங்களும் இந்த வரிசையில்தான் வந்தன. அவருடைய மகன் வின்சென்ட் ஜிஞ்சரியும் இந்தத் துறையில் புத்தகங்கள் எழுதினார்.

எல்லோருக்கும் ஏற்ற வழியா?

ஜிஞ்சரியின் வழியில் பணம் மிச்சம். ஆனால் காலம் செலவு. ஓய்வு நேரத்தில் மட்டும் செய்தால் ஒரு லேத்துக்கே மாதக் கணக்கில் ஆகும். எந்திரம் செய்வதிலேயே இன்பம் காண்கிறவர்களுக்கு அது குறை அல்ல. எந்திரத்தைக் கொண்டு வேறு சாமான் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு அது தொல்லை.

இன்று சீனாவில் செய்யப்படும் மேஜை லேத்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. ஏறத்தாழ 40 கிலோ எடைதான். மற்றொரு வழி, பழைய லேத் வாங்குவது. வீட்டுப் பட்டறைக்காரர்கள் பலர் ஏமாறுவதும் இங்கேதான்.

முதல் ஏமாற்றம் மின்சாரம். தொழிற்சாலையிலிருந்து விற்பனைக்கு வரும் லேத்தில் மூன்று பேஸ் மோட்டார் இருக்கும். வீட்டில் இருப்பது ஒரு பேஸ் மின்சாரமாக இருந்தால் அந்த மோட்டார் ஓடாது. மோட்டாரை மாற்ற வேண்டும் அல்லது மின்சாரத்தை மாற்றித் தரும் கருவி வாங்க வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு. எடையும் அப்படித்தான். லேத்தின் தலைப் பக்கம் கனமானது. வண்டியிலிருந்து இறக்கும்போது கவனம் தவறினால் குப்புறக் கவிழ்ந்துவிடும். கீழே நிற்பவரின் கால் போய்விடும்.

இரண்டாவது ஏமாற்றம் பெயிண்ட்! பளபளவென்று புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அதைப் பார்த்து மயங்கக் கூடாது. பார்க்க வேண்டியது படுக்கையை. லேத்தில் வேலை எல்லாம் சக்கின் பக்கத்திலேயே நடக்கும். தேய்மானமும் அங்கேதான். உளி ஏறிப் போகும் வண்டியைச் சக்கின் அருகே நிறுத்தி, சற்று விறைப்பாக நகரும்படி இறுக்க வேண்டும். பிறகு அதை மறு கோடிக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். அங்கே போய் அது சிக்கிக் கொண்டால், சக்கின் அருகே படுக்கை தேய்ந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து, சக்கில் ஒரு தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். 'டொக் டொக்' என்று ஆடினால் பேரிங் போயிருக்கிறது. பல் சக்கரங்களில் உடைந்த பல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். முடிந்தால் ஒரு துண்டு இரும்பை அங்கேயே கடைந்து, இரண்டு முனையிலும் அளந்து பார்ப்பது எல்லாவற்றிலும் நல்லது. விற்பவர் மறுத்தால்? திரும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது ஏமாற்றத்துக்கு விற்பவர் பொறுப்பல்ல. கையில் உள்ள பணம் முழுவதையும் லேத்துக்கே கொடுத்துவிட்டு, பிறகு உளி வாங்கக் காசு இல்லாமல் திண்டாடுவது! லேத்துக்கு ஒரு ரூபாய் என்றால் அதற்கு வேண்டிய துணைச் சாமான்களுக்கு இன்னொரு ரூபாய் வேண்டும் என்பது அனுபவசாலிகளின் கணக்கு. ஆகவே சக், உளி முதலியவற்றோடு சேர்ந்து வரும் லேத், விலை கொஞ்சம் கூடினாலும் லாபம்தான்.

எதை முதலில் வாங்குவது?

முதலில் கனமான ஒரு மேஜை. ஆடாத மேஜை. அதன் மேல் ஒரு நல்ல வைஸ். பிறகு அரங்கள், இரும்பு அறுக்கும் ரம்பம், மூலைமட்டம், சுத்தியல். இவற்றைக் கொண்டே எத்தனையோ வேலைகள் செய்யலாம். அரம் பிடிக்கப் பழகிய கை லேத்திலும் தவறாது.

பிறகு அளவுக் கருவிகள். மைக்ரோமீட்டர் ஒரு வியப்பான சாமான். அதன் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் அரை மில்லிமீட்டர் நகரும். சுற்றை 50 கோடுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒரு கோடு நகர்ந்தால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தலைமயிரின் பருமன் இதைவிடப் பல மடங்கு அதிகம்! தினசரி வேலைக்கு வெர்னியர் காலிபர் போதும். மைக்ரோமீட்டர் பிறகு வாங்கலாம்.

சக் இரண்டு வகை. மூன்று தாடை சக், உருண்டைத் தண்டைத் தானே நடுவில் பிடித்துக் கொள்ளும். நான்கு தாடை சக்கில் ஒவ்வொரு தாடையையும் தனித்தனியே நகர்த்த வேண்டும். வேலை கொஞ்சம் அதிகம். ஆனால் சதுரத்தையும் கோணலையும்கூட அது பிடிக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான்கு தாடையே மேல்.

உளியிலும் சிக்கனம் உண்டு. ஹைஸ்பீடு ஸ்டீல் துண்டுகளை வாங்கிச் சாணையில் தாமே தீட்டிக் கொள்ளலாம். மழுங்கினால் மறுபடி தீட்டலாம். ஒரு துண்டு வருஷக் கணக்கில் வரும். மில்லிங் எந்திரம் வாங்கப் பணம் இல்லையா? லேத்தின் வண்டி மேல் மேலும் கீழும் நகருகிற ஒரு சிறு சட்டத்தைப் பொருத்தி, வெட்டும் கருவியைச் சக்கில் பிடித்து, இங்கிலாந்துக் கொட்டகைகளில் அந்த வேலையையும் லேத்திலேயே முடித்தார்கள்.

சிக்கனம் கூடாத இடமும் உண்டு. கண்ணாடி! சாணை பிடிக்கும்போதும் லேத் ஓடும்போதும் கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். தொங்குகிற சட்டைக் கை, துண்டு, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எதுவும் லேத்தின் அருகே ஆகாது. கையுறையும் ஆகாது! வார்ப்பு வேலையில் கையைக் காத்த அதே உறை, லேத்தில் சிக்கினால் கையையே உள்ளே இழுத்துவிடும். உரிந்து விழும் இரும்புச் சுருள் கத்தி போல வெட்டும். அதைக் கம்பிக் கொக்கியால்தான் எடுக்க வேண்டும். சக்கை இறுக்கிய சாவியை அதிலேயே விட்டுவிட்டு லேத்தை ஓட்டினால், சாவி குண்டு போலப் பறக்கும். அதனால் சாவியைச் சக்கில் வைத்துவிட்டுக் கையை எடுப்பதே இல்லை என்று பழகிக் கொள்கிறார்கள்.

இத்தனையும் கூடி வந்து, லேத் முதல் முறையாக ஓடுகிற நாளில் அதில் என்ன செய்வார்கள்? நீராவி என்ஜினா? அது பிறகு. பலர் முதலில் கடைவது அந்த லேத்துக்கே வேண்டிய ஒரு கைப்பிடியைத்தான்.